நேர்க்கை வீச்சு: குறுந்தூர ஃப்ரீஸ்டைலைக் கடலோரத்தில் பழகும் முறை

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்தில் பிள்ளைகள் நீந்துவதைச் சற்று நேரம் நின்று பார்த்தால், அவர்களில் பலருடைய கை முழங்கையில் மடங்காமல், தோளிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோலாக நீருக்கு மேலே எழுந்து முன்னால் விழுவதைக் காணலாம். சிற்றலை புரளும் நீரில் தாழ்வாக வரும் முழங்கை அலையில் தட்டுப்படும் என்பதால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு தேடிக்கொண்ட வழி அது. அதே பிள்ளை போட்டிக்கென்று நீச்சல் குளத்தில் இறங்கும் முதல் நாளே, "கையை மடக்கு" என்ற திருத்தம் வந்துவிடுகிறது. எனக்கும் 13 வயதில் அப்படித்தான் நேர்ந்தது. ஓராண்டு முழுவதும் முழங்கையை மடக்கப் பழகினேன். வீச்சு பார்ப்பதற்கு அழகானதே தவிர, 50 மீட்டருக்கு எடுத்துக்கொண்ட நேரம் குறையவில்லை. பின்னாளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், திருத்தப்பட வேண்டியிருந்தது நீருக்குள் யாரும் பார்க்காத கை என்பதும், மேலே தெரிந்த கையை அப்படியே விட்டிருக்கலாம் என்பதும் எனக்குப் புரிந்தன. 50 மீட்டர், 100 மீட்டர் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் கரையோரப் பிள்ளைகளையும் அவர்களுக்குத் துணை நிற்கும் பெரியவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

நேராகக் கை வீசுவது விதிமீறல் ஆகுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. ஃப்ரீஸ்டைல் என்ற பெயரே அதற்கு விடை. அந்தப் போட்டியில் எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம். புறப்பட்ட பின்னும் ஒவ்வொரு திரும்பலுக்குப் பின்னும் 15 மீட்டருக்குள் தலை நீருக்கு மேலே வந்துவிட வேண்டும், சுவரைத் தொட வேண்டும் என்பன போன்ற சில கட்டுப்பாடுகளே உள்ளன. கையை மடக்குவதா, நீட்டுவதா என்று எந்த விதியும் சொல்வதில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், 4 × 100 மீட்டர் தொடர் நீச்சலின் முதல் ஆளாக இறங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கிளிம், நேர்க்கை வீச்சோடு 48.18 விநாடிகளில் 100 மீட்டரைக் கடந்து உலக சாதனை படைத்தார். அதற்கு 12 ஆண்டுகள் முன்பு, சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற அமெரிக்கச் சிறுமி ஜேனட் எவன்ஸின் கைகள் காற்றாலையின் இறக்கைகளைப் போல நேராகவே சுழன்றன. அவர் நீந்தியது நெடுந்தூரம் என்றாலும், உயரமும் உடற்கட்டும் குறைந்தவர்களுக்கு அவர் ஒரு நல்ல சான்று. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1992, 1996 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர், 100 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற ரஷ்யர் அலெக்சாந்தர் போப்போவ், முழங்கையை உயர்த்தி மடக்கி, நீளமாக, அவசரமே தெரியாமல் நீந்தியவர். ஆகவே நேர்க்கை தன்னளவில் வேகத்தைத் தந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அது ஒரு கருவி. சில உடம்புகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது.

பொருந்துமா என்பதை அறிய, அந்த வீச்சு எதனால் வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நீட்டிய கையைச் சுழற்றுவதற்கு மடக்கிய கையைச் சுழற்றுவதைவிடக் கூடுதல் வலு வேண்டும். நீளமான துடுப்பைத் தூக்குவதற்கும் குட்டையான துடுப்பைத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஆனால் அவ்வாறு தூக்கிய கை உச்சியைக் கடந்து முன்னே விழும்போது, செலவிட்ட வலுவின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. விழும் கையின் வேகம் தோளை முன்னுக்கு இழுக்கிறது, உடம்பை மறுபக்கம் உருட்டுகிறது, அந்த உருட்டல் நீருக்குள் இழுத்துக்கொண்டிருக்கும் மற்றக் கைக்கு வலு சேர்க்கிறது. கை ஓரிடத்திலும் தயங்காமல் சுழல்வதால் வீச்சின் எண்ணிக்கையும் கூடுகிறது. உலகத் தரத்து 50 மீட்டர் வீரர்கள் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 வீச்சு என்ற கணக்கில், அதாவது அரை விநாடிக்கு ஒரு வீச்சாகக் கையைச் சுழற்றுகிறார்கள். இதற்கான செலவு தோளில் விழுகிறது. 50 மீட்டருக்கு அந்தச் செலவைத் தாங்கலாம். 100 மீட்டரின் கடைசி 30 மீட்டரில் பலருக்கு அது கடனாகத் திரும்பி வரும். 400 மீட்டருக்கு மேல் அரிதானவர்களுக்கே கட்டுப்படியாகும்.

பழகும் இடத்தைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி முதல் தை வரை வாடை வீசும் மாதங்களில் வடகடல் கலங்கிக் கிடக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் கோடை, ஆடி மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) இரையும், அப்போது வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். எந்தப் பக்கமானாலும் காற்று எழும் முன், விடிந்த கையோடு இறங்குவதே நல்லது. இடுப்பளவுக்கும் மார்பளவுக்கும் இடைப்பட்ட ஆழம் போதும். கரைக்கு இணையாகவே நீந்த வேண்டும். பாம்பன் பாலத்தடிக் கால்வாயிலும், இரு கடலும் கூடும் அரிச்சல்முனையிலும் நீரோட்டம் கடுமையானது. எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரராயினும் அங்கே பயிற்சிக்கென்று இறங்கவே கூடாது. வள்ளங்கள் வந்து அணையும் பாதையையும், வலை போட்டிருக்கும் இடத்தையும் முந்தின நாளே அங்குள்ள மீனவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மணலில் திருக்கை புதைந்து கிடக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்து உள்ளே செல்லுங்கள். சொறி (ஜெல்லிமீன்) மிதந்து வரும் நாளில் பயிற்சியை மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையில் ஒரு பெரியவர், நீந்தத் தெரிந்தவர், கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். இது இல்லாமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம்.

தூரத்தை அளப்பதற்கு ஒரு கயிறு போதும். நம் பகுதியில் கடலாழத்தைப் பாகத்தில், அதாவது இரு கையையும் விரித்த நீளத்தில், சொல்வது வழக்கம். ஆறடிப் பாகம் என்று கொண்டால் பதின்மூன்றே முக்கால் பாகத்துக்குச் சற்றுக் குறைவாக வருவது 25 மீட்டர். ஆனால் விரித்த கை ஆளுக்கு ஆள் வேறுபடும் ஆதலால் அளவுநாடா கொண்டு ஒருமுறை சரியாக அளந்து, கயிற்றின் இரு முனையிலும் மணல் மூட்டை கட்டி, 15 மீட்டரிலும் 25 மீட்டரிலும் பழைய பிளாஸ்டிக் கேன்களை மிதவையாகக் கட்டிக்கொள்ளுங்கள். நீரோட்டம் ஒரு பக்கம் உதவி மறுபக்கம் எதிர்க்கும் என்பதால், போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால்தான் உண்மையான கணக்கு கிடைக்கும்.

நீரில் இறங்குவதற்கு முன் கரையில் செய்யும் வேலை இரண்டு வாரமாவது நடக்கட்டும். சுவருக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி நின்று, சுவரை ஒட்டிய கையை நேராக முன்னாலிருந்து மேலே கொண்டுபோய்ப் பின்னால் இறக்கிப் பாருங்கள். உடம்பைத் திருப்பாமல் சுற்றினால் கை காதைக் கடந்ததும் தோளில் ஒரு நெருடல் தெரியும்; இடுப்பும் மார்பும் சேர்ந்து திரும்பினால் அதே கை தடையின்றிச் சுழலும். நேர்க்கை வீச்சின் முழுப் பாதுகாப்பும் இந்தத் திருப்பலில்தான் இருக்கிறது. தோள் எலும்புகளுக்கு இடையில் ஓடும் தசைநார் நெருக்கப்படுவது நீச்சல்காரர்களின் தோள்வலிக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. உடம்பு தட்டையாகக் கிடக்கக் கை மட்டும் சுழன்றால் அந்த நெருக்கம் ஒவ்வொரு வீச்சிலும் நடக்கும். அதனோடு, சைக்கிள் டியூப்பை ஒரு தூணில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சியை ஒவ்வொரு கைக்கும் 15 முறை, மூன்று சுற்று செய்யுங்கள். சிறியதாகத் தோன்றும் இந்தப் பயிற்சியை விட்டவர்களே பின்னர் வலியோடு வருகிறார்கள். "அண்ணே, தோள்பட்டை சுருக்குன்னு இழுக்குதுண்ணே" என்று ஒரு பிள்ளை சொன்ன அன்றே நேர்க்கையை நிறுத்திவிட்டு, வலி முற்றிலும் போகும்வரை, காலால் நீரை உதைக்கும் காலடிப் பயிற்சி மட்டுமே கொடுப்பது என் வழக்கம். வலியோடு தொடரவிட்டு ஒரு பருவத்தையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நீருக்குள். முதல் வாரம் வேகத்தை மறந்துவிட்டு, ஒரு கையை முன்னே நீட்டி வைத்தபடி மறு கையால் மட்டும் 15 மீட்டர் நீந்துங்கள். கை தொடையைக் கடந்து நீரை விட்டு வெளியேறும்போது சுண்டுவிரல் முதலில் மேலே வரட்டும். தோள் முன்னால் செல்ல, கை அதன் பின்னே தொங்கும் கயிறு போல எழட்டும். முழங்கையைப் பூட்டி விறைப்பாக வைக்க வேண்டியதில்லை. நேராக இருப்பது வேறு, விறைப்பாக இருப்பது வேறு. உச்சியில் கை வானைக் காட்டும் கணத்தில் உங்கள் விலாவும் அக்குளும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவேண்டும். தெரியவில்லையென்றால் உடம்பு திரும்பவில்லை என்று பொருள்.

அடுத்து வருவது கை நீரில் நுழையும் இடம். கரையோரப் பிள்ளைகளிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை இங்கேதான் இருக்கிறது. நேராக விழும் கை உள்ளங்கையால் நீரைப் பளாரென்று அடிக்கும், அல்லது தலைக்கு நேர் முன்னே நடுக்கோட்டைத் தாண்டி விழும். அடித்தால் கையோடு காற்றுக் குமிழிகள் உள்ளே போகும். குமிழி சூழ்ந்த கை நீரைப் பற்றாது. நடுக்கோட்டைத் தாண்டினால் உடம்பு பாம்பு போல நெளியும். ஆகவே கை தோளுக்கு நேர் முன்னால், விரல் நுனி முதலாக, ஒரு கத்தி நுழைவதுபோல இறங்க வேண்டும். கடைசி அரைச் சாண் தூரத்தில் முழங்கை இம்மியளவு இளகினால் இது தானாக நடக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வேறுபாடு தெரியும்: தப்பாக விழும் கை ஓசை எழுப்பும், சரியாக விழும் கை ஏறக்குறைய ஓசையின்றிப் போகும்.

நுழைந்த கை என்ன செய்கிறது என்பதே இந்த முறையின் உயிர். மேலே நேராக இருந்த கை உள்ளேயும் நேராகவே கீழே அழுத்தினால், நீரைப் பின்னுக்குத் தள்ளாமல் உடம்பை மேலே தூக்குவதில் பாதி வலு வீணாகிவிடும். உள்ளே நுழைந்தவுடன் முழங்கை மேலேயே நிற்க, முன்கையும் உள்ளங்கையும் மட்டும் கீழ்நோக்கித் திரும்பி, பின்புறத்தைப் பார்க்கும் ஒரே பலகையாக வேண்டும். பரிசலைத் துடுப்பால் இழுப்பதைவிட, ஒரு பெரிய மிதவையின் மேல் கையை வளைத்துப் போட்டு அதைக் கட்டி இழுத்து அதைத் தாண்டிப் போவதாகப் பாவித்தால் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடுகிறது. முகக்கண்ணாடி அணிந்த ஒருவர் பக்கவாட்டில் மூழ்கிப் பார்த்துச் சொல்ல வேண்டிய இடம் இது. நீந்துபவருக்கே தன் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. வாரத்தில் ஒரு நாளாவது, விரல்களை இறுக்கி மூடிய முட்டியோடு 15 மீட்டர் நீந்துங்கள். உள்ளங்கை இல்லாதபோது முன்கை நீரைப் பற்றக் கற்றுக்கொள்ளும்; பிறகு கையை விரித்ததும் கிடைக்கும் பிடிமானம் வியப்பூட்டும்.

காலடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரு கை வீச்சுக்கு ஆறு காலடி என்ற கணக்கு குறுந்தூரத்துக்கு ஏறக்குறைய இன்றியமையாதது. ஹவாய்க் கடலோரத்தில் வளர்ந்து, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற டியூக் கஹானமோக்கு, இடைவிடாத காலடியால் பெயர் பெற்றவர். கடலில் பழகியவர் குளத்துக்காரர்களை வெல்ல முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நேர்க்கை வீச்சுக்குக் காலடி இன்னும் முக்கியம், ஏனெனில் இடுப்பு தாழ்ந்தால் தோள் மேலெழாது, தோள் மேலெழாவிட்டால் கை நீரைச் சீய்த்துக்கொண்டே வரும். தலையைத் தூக்கிப் பார்க்கும் கடல் பழக்கத்தையும் இங்கே விட்டாக வேண்டும். படகு வருகிறதா என்று பார்க்க அந்தப் பழக்கம் உதவியது. போட்டித் தடத்தில் அது இடுப்பை அமிழ்த்துகிறது. நீர்மட்டம் உச்சந்தலைக்கும் நெற்றிக்கும் இடையில் இருக்க, பார்வை கீழே சற்று முன்னால் இருக்கட்டும். வடகடலில் அடித்தரையில் கடல் தாழை (கடற்புல்) கறுப்பாகவும் மணல் வெளுப்பாகவும் மாறி மாறி வரும். அந்தத் திட்டுகளைப் பார்த்தபடி நீந்தினால் நேர்கோட்டில் போகவும் முடியும்.

மூச்சு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். 50 மீட்டரில் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வேகம் சற்றுக் குறைவதால், தேர்ந்தவர்கள் ஒரு முறை மூச்செடுத்தோ, எடுக்காமலோ முடிக்கிறார்கள். கீழக்கரைப் பக்கத்தில் சங்கு குளித்தவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்கு மூச்சடக்குவது குலப்பெருமையாகவும் இருக்கும். அந்தப் பெருமையே ஆபத்தாகக் கூடும். மூச்சு வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது உடம்பில் சேரும் கரியமில வாயு. இறங்குமுன் வேகவேகமாகப் பல முறை மூச்சிழுத்து விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும், ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் தவிப்பு தோன்றும் முன்பே மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நீருக்குள்ளேயே நினைவு தப்பும். இடுப்பளவு நீரிலும் இது உயிரைக் கொண்டுபோகும். ஆகவே புறப்படுமுன் இயல்பான இரண்டு மூச்சு, பிறகு ஒரு நிறைந்த மூச்சு, அவ்வளவே. நீருக்கு அடியில் மூச்சடக்கிப் போட்டி போடுவதை என்னிடம் பயில்பவர்களுக்கு நான் அறவே தடுத்திருக்கிறேன். பழக வேண்டிய முறை வேறு: 15 மீட்டரை மூச்செடுக்காமல் முழு வேகத்தில் நீந்தி, நின்று, மூச்சு முழுமையாகச் சமநிலைக்கு வரும்வரை இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மீண்டும் நீந்துங்கள். அது எளிதான பின் 25 மீட்டருக்கு ஒரு மூச்சு. தலை சுற்றினாலோ கண் மங்கினாலோ அன்றைய பயிற்சி முடிந்தது.

இரு கையும் நேராக வீச வராதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. மூச்செடுக்கும் பக்கத்துக் கையை மடக்கியும், மறு கையை நேராகவும் வீசலாம். மூச்செடுக்கும்போது உடம்பு எப்படியும் ஒரு பக்கம் கூடுதலாகத் திரும்புகிறது. மற்றப் பக்கம் திரும்புவதற்கு நேராக விழும் கையின் எடை கைகொடுக்கிறது. தாளம் குதிரைப் பாய்ச்சல் போல ஏற்றத்தாழ்வாக இருக்கும், கரையில் நிற்பவர்களுக்கு அழகாகத் தோன்றாது. பாசி எடுக்கும் தாயோடு சிறுவயது முதல் கடலில் இறங்கிப் பழகிய என் மாணவி ஒருத்திக்கு இந்த ஏற்றத்தாழ்வான வீச்சே பொருந்தியது; சமமாக்க முயன்ற இரண்டு மாதமும் அவள் நேரம் கூடிக்கொண்டே போனதால் முயற்சியை விட்டுவிட்டேன்.

பயிற்சியின் அளவைப் பொறுத்தவரை, குறைவாக, முழு வேகத்தில், போதிய ஓய்வோடு நீந்துவதே குறுந்தூரத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஆஸ்திரேலியரான கேமரன் மெக்கெவாய், வழக்கமான நீண்ட தூரப் பயிற்சியைப் பெருமளவு குறைத்து, வலுப்பயிற்சிக்கும் முழு வேகக் குறுநீச்சலுக்கும் முதலிடம் கொடுத்து, 2023இல் ஃபுகுவோக்கா உலகப் போட்டியில் 50 மீட்டரை 21.06 விநாடிகளிலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21.25 விநாடிகளிலும் வென்றார். அவருடைய வலுவும் வயதும் வளர்ந்த ஆளுக்கு உரியவை. பிள்ளைகளுக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முன்னுரிமை மட்டுமே. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 15 மீட்டர் எட்டு முறை, இடையே இரண்டு நிமிட ஓய்வு என்று நேர்க்கைப் பயிற்சியைத் தொடங்கி, ஆறாவது வாரத்துக்கு மேல் 25 மீட்டரை நான்கு முறை சேர்த்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் மெதுவாக, மடக்கிய கையோடு நீந்தித் தோளுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரு நோட்டில் இரண்டு எண்களை எழுதுங்கள்: 25 மீட்டருக்கான விநாடி, அதற்கு எடுத்த வீச்சு. 20 வீச்சில் 25 மீட்டர் என்றால் ஒரு வீச்சுக்கு 1.25 மீட்டர், ஒரு வீச்சுக்கு 0.7 விநாடி என்றால் மொத்தம் 14 விநாடி. நேர்க்கைக்கு மாறிய பின் வீச்சு 22 ஆகக் கூடி, ஒவ்வொன்றும் 0.6 விநாடியில் முடிந்தால் 13.2 விநாடியில் சேர்ந்துவிடுவீர்கள். வீச்சு கூடியது நன்மையே. அதுவே 26 ஆகிவிட்டால் அதே 0.6 விநாடிக் கணக்கில் 15.6 விநாடி ஆகும். கை வேகமாகச் சுழன்றும் நீரைப் பற்றவில்லை என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும். எட்டு வாரம் கழித்தும் மடக்கிய கையின் நேரமே நன்றாக இருந்தால், தயங்காமல் அதற்கே திரும்பிவிடுங்கள்.

குளத்துக்குப் போகும்போது ஒன்றை எதிர்பார்த்துச் செல்லுங்கள். உப்பு நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. கடலில் தானாக மிதந்த கால்கள் குளத்தில் கனக்கும், அதனால் முதல் சில நாட்கள் காலடியை மிகுதியாக்க வேண்டியிருக்கும். மேடையிலிருந்து பாய்வதையும், சுவரில் உருண்டு திரும்புவதையும், பாய்ந்த பின் நீருக்கடியில் டால்ஃபின் போல உடம்பை உதைத்து வருவதையும் கடலில் பழக வழியில்லை. அவற்றுக்கென்று மாதம் ஒருமுறையாவது மதுரை போன்ற ஊரில் ஆழமான குளத்தைத் தேடிப் போக வேண்டும். அங்குள்ள பயிற்சியாளர் உங்கள் கையைப் பார்த்ததும் மடக்கச் சொல்லக்கூடும். வாதிட வேண்டாம். நோட்டைக் காட்டி, "சார், ஒரு தடவை தண்ணிக்குள்ள இருந்து என் கையைப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்று பணிவாகக் கேளுங்கள்.